பிழையான றுமைஸா

தொலைபேசியில் அழைத்த பெண் சலாம்கூடச் சொல்லவில்லை. "நீங்கதானே கலியாண உடுப்பு வாடகைக்குக் குடுக்கிற சஹ்லா?" என்று கேட்டு, பதில் வருமுன்பே தொடர்ந்தார். "என்ட மகள்ட பேரப் போட்டு என்ன படம் புள்ள போட்டிரிக்கிங்க? அவளுக்கு இன்னம் கலியாணமே ஆகல்ல."

சஹ்லா கையிலிருந்த அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சாய்ந்தமருதில் அவளுடைய வீட்டு முன்னறைதான் கடை. கடைக்கு வெளியே பெயர்ப்பலகை கிடையாது. வருகிறவர்கள் எல்லாரும் இன்ஸ்டகிராமில் பார்த்துத்தான் வருவார்கள்.

முன்பெல்லாம் ஒவ்வொரு படத்துக்கும் கீழே அழகு, திருமணம், மணமகள் என்று உலகமே போடுகிற ஹேஷ்டேக்குகளை ஆங்கிலத்தில் கொட்டித் தள்ளுவாள். எந்தெந்த நாட்டிலிருந்தோ இதயக்குறிகள் வந்தன. உடுப்புக் கேட்டு ஒருவரும் வரவில்லை. பிறகு ஓர் இணைய வகுப்பில், ஊர்ப் பெயரோடு நாலைந்து டேக் போட்டாலே போதும் என்று படித்தாள். #சாய்ந்தமருதுமணமகள், #கல்முனைகலியாணம், #வலீமாஉடுப்பு. கூடவே உடுப்பை அணிந்த மணமகளின் கணக்கையும் டேக் செய்தால், அவளுடைய தோழிகளுக்கும் மச்சிமாருக்கும் படம் போய்ச் சேரும். அதற்குப் பிறகு அக்கரைப்பற்றிலிருந்தும் பொத்துவிலிலிருந்தும்கூட ஆட்கள் வந்தார்கள்.

போன வெள்ளிக்கிழமை றுமைஸா என்ற நிந்தவூர் மணமகள் ஒருத்தியின் படத்தைப் போட்டாள். முகம் தெரியாமல், முதுகுப் பக்கமாக, நீண்ட முக்காடு தரையில் விரிந்து கிடக்க எடுத்த படம். "எங்கள் மணமகள், மாஷா அல்லாஹ்" என்று எழுதி, அவளை டேக் செய்யப் பெயரின் முதல் எழுத்துகளைத் தட்டினாள். வரிசையில் மேலே வந்த றுமைஸாவை அழுத்தினாள். அது அழைத்த பெண்ணின் மகளான மருதமுனை றுமைஸா என்பது இப்போதுதான் தெரிந்தது.

"மாப்பிள்ள வீட்டாக்கள் பாத்துட்டாங்க," என்றார் அந்தத் தாய், சரீபா. "ஒளிச்சு நிக்காஹ் முடிச்சிட்டிங்களா எண்டு கேக்காங்க. நான் என்னத்தச் சொல்ற?"

அழைப்பு முடிந்ததும் சஹ்லா இன்ஸ்டகிராமைத் திறந்தாள். உடனே படத்தை அழிக்கப் போனாள். அழிக்கும் முன்பு கீழே ஒரு தடவை பார்த்தாள். முதலில் இதயக்குறி போட்டிருந்ததே அந்த மருதமுனை றுமைஸாதான். அன்றைக்கே படத்தைப் பார்த்திருக்கிறாள். ஓர் அழுத்தில் தன் பெயரை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

கணவன் றிம்சானிடம் சொன்னபோது, "மன்னிப்புக் கேட்டு ஒரு போஸ்ட் போடு," என்றான்.

"அதுல திரும்பவும் அந்தப் புள்ளட பேரத்தான் போடணும். பாக்காத ஆக்களும் பாப்பாங்க. நான் நேர போறன்."

ஆட்டோ கல்முனைச் சந்தியைத் தாண்டும் வரை கைப்பேசியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். படம் அழிந்துவிட்டது. ஆனால் யாரோ அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டிருந்தார்கள். இனி எந்த உம்மா தன் மகளின் படத்தை நம்பி இவளிடம் கொடுப்பாள்?

மருதமுனை வீட்டில் சரீபா அவளை உட்காரச் சொன்னார். குரல் தணிந்திருந்தது. முகம் தணியவில்லை. சஹ்லா நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"எனக்கிட்டச் சொல்லி என்ன செய்ற? மாப்பிள்ளட ராத்தாட்ட நீங்களே சொல்லுங்க." நிப்றாஸ் என்ற அந்த மாப்பிள்ளை கட்டாரில் இருந்தான். ஊரில் எல்லாம் பேசுவது அவனுடைய மூத்த சகோதரிதான். சரீபா எண்ணை அழுத்தினார். லைன் பிஸியாக இருந்தது.

தண்ணீர் கேட்டு சஹ்லா குசினிக்குப் போனாள். றுமைஸா அங்கே தேநீர் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்கே பாத்திரிக்கிங்க. ஏன் தங்கச்சி டேக்க எடுக்கல்ல?"

அவள் கரண்டியை வைக்கவில்லை. "எனக்கு அந்த மாப்பிள்ள வேணா ராத்தா. சொன்னா ஆரு கேக்காங்க? அதப் பாத்துட்டு அவங்களே வேணாமெண்டு போயிருவாங்க எண்டு நினைச்ச."

"அவங்க போயிருவாங்க. ஒளிச்சு முடிச்சவ எண்டுற கதை போகாதே."

"அவங்களோட கதைக்காதீங்க, ராத்தா."

அறையில் தொலைபேசி அலறியது. சஹ்லா திரும்பி வந்தாள்; அழைத்தது மாப்பிள்ளையின் ராத்தா. பேசாவிட்டால் இந்தப் பெண்ணின் பெயர் கெடும். பேசினால் அவள் விரும்பாத கலியாணம் நடக்கும். சரீபா தொலைபேசியை நீட்டிக்கொண்டு நின்றார்.

"படத்தில இரிக்கிறது இந்த றுமைஸா இல்ல," என்றாள் சஹ்லா. "பேர் ஒண்டா இருந்ததால நான்தான் மாறிப் போட்ட. பிழை முழுக்க என்ட."

மறுமுனையில் நீண்ட மூச்சு கேட்டது. "அப்ப பிரச்சினை இல்ல. உம்மாட்டச் சொல்றன். நிக்காஹ் நாளக் கதைப்பம்."

சரீபாவின் தோள்கள் தளர்ந்தன. வாசலில் தேநீர்த் தட்டோடு நின்ற றுமைஸா சஹ்லாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் சஹ்லா வாயைத் திறந்தாள்.

"சாச்சி, நான் ஒருத்தர்ட்டயும் கேக்காமப் பேரப் போட்டதாலதான் இவ்வளவும். நீங்களும் மகள்ட்ட ஒருக்காக் கேட்டுப் பாருங்க."

"அவள்ட்ட என்னத்தக் கேக்க?"

றுமைஸா தட்டை மேசையில் வைத்தாள். "எனக்கு இந்தக் கலியாணம் வேணா உம்மா. அந்தப் படத்த நான் முதல் நாளே பாத்த. வேணுமெண்டுதான் விட்ட."

சரீபா மகளையும் பார்க்கவில்லை, சஹ்லாவையும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார். பிறகு, "நீங்க போயிட்டு வாங்க புள்ள," என்றார்.

அதன்பின் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் யாருடைய எண் என்று பார்த்த பிறகே சஹ்லா எடுத்தாள். மருதமுனையில் ஒரு வலீமா விருந்துக்கு உடுப்புச் சொல்லியிருந்தவர்கள் வேண்டாமென்று விட்டார்கள். காரணம் சொல்லவில்லை, இவளும் கேட்கத் துணியவில்லை. நோன்பு தொடங்குவதற்குச் சற்று முன்னர்தான் றுமைஸாவிடமிருந்து செய்தி வந்தது. உம்மா மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். தன்னோடு மட்டும் இன்னும் சரியாகக் கதைக்கவில்லையாம்.

சஹ்லா நல்லது நடக்கட்டும் என்று ஒரு துஆ மட்டும் எழுதி அனுப்பினாள்.

இப்போது மணமகளே தன் கணக்கின் பெயரை இவளுடைய தொலைபேசியில் தட்டித் தரவேண்டும். படம் போடலாமா, பெயர் போடலாமா என்று தனித்தனியாகக் கேட்கிறாள். பெயர் வேண்டாம் என்கிறவர்களுக்கு ஊர் டேக் மட்டும் போடுகிறாள். அந்தப் படங்கள் முன்பு போல அவ்வளவு தூரம் போவதில்லை. நேற்று மாவடிப்பள்ளிப் பெண் ஒருத்தி, "போடுங்க ராத்தா, எனக்குப் பிரச்சினை இல்ல," என்று சிரித்தாள். சஹ்லா பெயரை அவளுக்கு வாசித்துக் காட்டினாள். பிறகு இன்னொரு தடவையும் வாசித்தாள்.