திர்சா பாடிய சட்டை

என் மனைவி திர்சா அமெரிக்காவின் தெற்கே, வட கரோலினாவில் ஒரு பருத்திப் பண்ணையில் அடிமையாகப் பிறந்தவள். இருபது வயதில், மரம் ஏற்றிவந்த கப்பலின் அடித்தளத்தில் பதுங்கி, அடிமைமுறை இல்லாத வடக்கே, நியூ பெட்ஃபோர்டுக்குத் தப்பி வந்தாள். தங்கையைக் கூட்டிவர முடியவில்லை. நான் இந்தத் துறைமுகத்தில் கப்பல் பாய் தைக்கிறவன். அடிமையல்லாத கறுப்புத் தாய்க்குப் பிறந்ததால் நானும் அடிமையில்லை.

எங்கள் சபைப் பெண்களிடம் எழுத்துக் கற்ற கையோடு திர்சா கவிதை கட்ட ஆரம்பித்துவிட்டாள். மாவு பிசையும்போது அவள் வாய் முணுமுணுத்தால் நான் பேச்சுக் கொடுக்க மாட்டேன். கொடுத்தால் மாவு என் மேல் வந்து விழும்.

அடிமை ஒழிப்புப் பத்திரிகை நடத்திய லேத்ராப் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். வெள்ளைக்காரர், நல்ல மனிதர். அவள் கவிதையைப் படித்துவிட்டு, நகர மன்றக் கூட்டத்தில் வாசிக்கச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ரொம்பத் திருத்தமா இருக்கும்மா. அடிமையா இருந்தவங்க எழுதினதுன்னு ஜனங்க நம்பணுமே. அங்கங்கே கொஞ்சம் கொச்சையா, தப்பும் தவறுமா..."

"தப்பில்லாம எழுதத்தான் ஐயா இத்தனை பாடுபட்டேன். மறுபடி தப்பு பண்ணக் கத்துக்கணுமா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "நம்பலைன்னா?"

"நம்பாதவங்களை என்கிட்ட அனுப்புங்க."

அவர் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "உன் பேரு பேப்பர்ல வந்தா அந்தப் பண்ணைக்காரன் உன்னைப் பிடிச்சிட்டுப் போக ஆள் அனுப்புவான்டி."

"பேரு வேண்டாங்க. பாட்டு போய்ச் சேர்ந்தாப் போதும்."

கூட்டத்தில் அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே முன்வரிசையில் ஒருவன் எழுந்தான். பருத்தி வியாபாரி. "இதை யாரு எழுதிக் குடுத்தது? சொந்தப் புத்தின்னா, இப்பவே என் சட்டையைப் பத்திப் பாடு பார்ப்போம்!"

சிலர் சிரித்தார்கள். திர்சா தாளை மடித்து வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. பிறகு பாடினாள்:

வெள்ளைச் சட்டை வெளுப்பே அழகு,
வெயிலில் பறித்தவள் என் தங்கை.
கள்ளம் அறியா விரலைக் கிழித்தது
காய்ந்து வெடித்த காயின் முள்.
துள்ளும் தோளில் அணிந்தீர் ஐயா,
தூக்கிச் சுமந்தவர் யாரென்று
உள்ளே ஒருமுறை கேட்டுப் பாரும்,
ஊசித் தையல் பதில்சொல்லும்.

வியாபாரி கழுத்துப் பட்டையைத் தொட்டான், மெல்ல உட்கார்ந்தான். அப்புறம் எழுந்த கைதட்டலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வீட்டுக்கு வரும் வழியில் திர்சா அழுதாள். தங்கையைப் பற்றி அவள் நாலு பேர் முன்னால் பேசியது அதுதான் முதல் தடவை.

லேத்ராப் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அச்சடித்தார். சின்னத் துண்டுத்தாள்களாகவும் போட்டுக் கொடுத்தார். தெற்கே அதைக் கையில் வைத்திருந்தாலே ஜெயில். அதனால் தெற்கே போகும் எங்கள் கறுப்பு மாலுமிகளின் கோட்டு உள்துணிக்குள் வைத்து நானே தைத்தேன்.

வசந்தத்தில் கப்பல் சமையல்காரன் பார்சிலாய், வட கரோலினாத் துறைமுகமான வில்மிங்டனிலிருந்து திரும்பி வந்தான். திர்சா முதலில் கேட்டது தங்கையைப் பற்றித்தான்.

"விசாரிச்சேன்க்கா. தகவல் ஒண்ணும் கிடைக்கலை," என்றான். "ஆனா உங்க பாட்டு துறைமுகம் பூரா சுத்துது. பருத்தி மூட்டை தூக்கறவங்க பாடறாங்க. கடைசியில ரெண்டு வரி கூடுதலா இருக்கு."

"கூடுதலா? யாரு சேர்த்தது? பாடு, பாடு!"

பறித்த கைகள் ஒருநாள் சேர்ந்தால்
பருத்திக் காடே எழுந்துநிற்கும்.

திர்சா அவனை இன்னொரு தடவை பாடச் சொன்னாள். "என் வரியைவிட நல்லா இருக்கேடா," என்றாள். கொஞ்சம் பொறாமையும் இருந்தது குரலில். உடனே தாளை எடுத்து, தன் எட்டு வரிக்குக் கீழே அந்த இரண்டையும் எழுதினாள்.

"உன் கப்பல் மறுபடி எப்போ தெற்கே போகுது?"

"அடுத்த வாரம்க்கா."

"கோட்டைக் கழட்டு," என்றேன் நான்.