சரியக்காவின் சரி

நாற்காலிக் கம்பெனியில் அவளை எல்லாரும் சரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எதைச் சொன்னாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது அந்த ஒரு வார்த்தை. "அக்கா, பெயிண்ட் இன்னும் காயலை." சரி. "அக்கா, மழை வருது." சரி. "அக்கா, உங்க செருப்பு அறுந்துடுச்சு." அட, அதற்கும் சரி! ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தமில்லை, காதில் விழுந்தது என்று அர்த்தம். நம்மில் பாதிப் பேர் அப்படித்தானே பேசுகிறோம்? போனில் ஒருவர் அரைமணி நேரம் புலம்பினால் 'சரி, சரி' என்கிறோமே, அதெல்லாம் சம்மதமா? பேச்சோடு நின்றவரை தொல்லையில்லை. எழுத்தில்தான் அவளுக்கு வினை வந்தது.

சரியக்காவுக்குச் செக்கிங் வேலை. சின்னக் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் உட்காரும் மடக்கு நாற்காலி அங்கே தயாராகிறது. கால் ஆடுகிறதா, ஆணி துருத்துகிறதா, மடக்கும்போது கீல் இடுக்கு எதையாவது கடிக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது அவள். கீலைச் சோதிக்க அவளிடம் ஒரு முறை உண்டு. வீட்டிலிருந்து ஒல்லிக் கேரட்டாக நாலைந்து கொண்டுவருவாள். இடுக்கில் கேரட்டை வைத்து நாற்காலியை மடக்குவாள். கேரட் முழுசாக வெளியே வந்தால் நாற்காலி பாஸ். மிச்சக் கேரட்டை மேனேஜர் வந்து கடித்துக்கொண்டு போவார். அந்த மனுஷருக்குச் செக்கிங் பிரிவில் பிடித்த ஒரே விஷயம் அதுதான்.

பார்க்கத் தெரிந்தவளுக்கு எழுத வராது. அதற்குத்தான் அண்ணி இருந்தாள். சொந்த அண்ணனின் மனைவி, அதே கம்பெனியின் மாடியில், ஆபீசில் வேலை. கடிதம், அறிக்கை, வாடிக்கையாளருக்கு இனிக்க இனிக்க எழுதுகிற சேதி எல்லாம் அண்ணி கைப்பட்டுத்தான் வெளியே போகும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு எழுதுவது எப்படி என்று வகுப்பெடுப்பவளும் அவள்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இந்த வேலையை வாங்கிக்கொடுத்ததும் அண்ணி. அதனால் சரியக்காவுக்கு அண்ணி என்றால் சாமிக்கு அடுத்தபடி.

"விஷயத்தை முதல் வரியிலேயே போட்டுடணும்மா. படிக்கிறவங்களுக்கு நேரம் கிடையாது," என்பாள் அண்ணி. "கெட்ட சேதியா இருந்தா மட்டும், முன்னாடி ஒரு நல்ல வார்த்தை, பின்னாடி ஒரு நல்ல வார்த்தை, நடுவுல அதைச் செருகிடணும். அப்புறம் இந்த 'எல்லாருக்கும் பதில்'ங்கற பட்டன் இருக்கே, அதுல மட்டும் கையை வச்சுடாதே. நெருப்பு அது!"

சரியக்கா எல்லாவற்றுக்கும் சரி என்பாள். அண்ணி விழுந்து விழுந்து சிரிப்பாள். "உன் சரிக்கு அர்த்தம் இந்தக் கட்டடத்துலயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். 'பார்த்தேன், உயிரோட இருக்கேன்'. அவ்வளவுதானே?"

இந்தப் பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடங்கள் திறப்பதற்கு மூன்று வாரம் இருக்கும்போது புதுக் கீல் போட்ட நாற்காலிகள் எண்ணூறு வந்து நின்றன. சரியக்கா பத்து நாற்காலியை எடுத்து மடக்கிப் பார்த்தாள். ஏழில் கேரட் இரண்டு துண்டாகிப் போனது. நறுக்கென்று சத்தம் வேறு. அங்கேயே நின்று ஒரு தாளில் எழுதினாள்: 'கீல் இடுக்கில் கேரட் வைத்து மூடினேன். பத்தில் ஏழு நாற்காலி கேரட்டை நறுக்கிவிட்டது. குழந்தை விரல் என்ன ஆகும்? இதை அனுப்பக் கூடாது.'

அண்ணி அதைப் படித்துவிட்டு நெற்றியில் கை வைத்தாள். "கேரட்டெல்லாம் அறிக்கையில வரலாமாம்மா? முதலாளி படிக்கிறது இது."

சாயங்காலம் அறிக்கை பூசி மெழுகி வந்தது. 'கீல் அமைப்பில் மேம்பாட்டுக்கான வாய்ப்புகள் கண்டறியப்பட்டுள்ளன. அவை உரிய நேரத்தில் பரிசீலிக்கப்படும்.' கேரட்டும் இல்லை, விரலும் இல்லை. கண்டுபிடித்தது யார், பரிசீலிக்கப் போவது யார் என்றும் இல்லை.

"அனுப்பக் கூடாதுன்னு இதுல எங்க இருக்கு அண்ணி?"

"உள்ளுக்குள்ள இருக்கும்மா. மேல இருக்கறவங்ககிட்ட மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லக்கூடாது. முதலாளிகிட்ட நான் நேர்ல பேசி நிறுத்திடறேன். நீ கவலைப்படாதே."

அண்ணியே சொன்ன பிறகு என்ன கவலை? சரியக்கா கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாம் நாள் அவள் கையெல்லாம் கிரீஸோடு ஒரு நாற்காலியின் காலைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போனில் அண்ணியின் சேதி வந்தது. நீளமான சேதி. 'உன் கூர்மையான பரிசோதனைக்கு முதலில் நன்றி. உன்னைப் போன்றவர்கள்தான் நம் கம்பெனியின் பலம்' என்று ஆரம்பித்தது. இரண்டு வரி படித்தாள். புறங்கையால் கீழே தள்ளினாள். கடைசியில் வீட்டுக்கு வரச்சொல்லி அன்பாக ஒரு வரி. நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கையும் சுத்தமில்லை, நேரமும் இல்லை. சுண்டுவிரலால் 'சரி' என்று தட்டிவிட்டு ஸ்பேனரை எடுத்தாள்.

மறுநாளே அவளைப் பின்கட்டடத்துக்கு, மேசைகளைச் செக் பண்ண அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது எண்ணூறு நாற்காலியும் இல்லை. கீல் மாற்றத்தான் போயிருக்கிறது என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். அண்ணியிடம் சொல்லவும் சொன்னாள்: "நல்லவேளை அண்ணி, நிறுத்திட்டீங்க." அண்ணி சிரித்தாள். சிரித்தாள், அவ்வளவுதான்!

ஏழு வாரம் போயிற்று. ஒரு காலையில் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியையிடமிருந்து மெயில் வந்தது. கம்பெனியின் எல்லாப் பிரிவுக்கும் போட்டிருந்தார், செக்கிங் உட்பட. நாலு வயதுக் குழந்தை தன் நாற்காலியைத் தானே மடக்கியிருக்கிறது. மோதிர விரலின் நுனி போய்விட்டது. மற்ற நாற்காலிகளை என்ன செய்வது என்று அந்த அம்மா கேட்டிருந்தார்.

சரியக்கா அதைப் படித்து முடிப்பதற்குள் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே அண்ணியும் உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் ஒரு தாள். அண்ணி அனுப்பிய அந்த நீளச் சேதிதான், அச்சடித்து வைத்திருந்தார்கள். சரியக்கா அப்போதுதான் அதன் நடுப்பகுதியை முதன்முதலாகப் படித்தாள். 'நாம் பேசியபடி, கீல் மாற்றத்தை அடுத்த தயாரிப்புக்கு வைத்துக்கொண்டு, இப்போது உள்ளவற்றை அனுப்பிவிடுகிறோம்.' அதற்குக் கீழே அவள் பேர். பேருக்குப் பக்கத்தில் 'சரி'.

"செக்கிங்ல இருந்து நீங்கதான சரின்னு எழுத்துல கொடுத்திருக்கீங்க?" என்றார் மேனேஜர். அன்றைக்கு அவர் கையில் கேரட் இல்லை.

சரியக்கா அண்ணியைப் பார்த்தாள். இப்போது சொல்வாள், 'அவ சரின்னா பார்த்தேன்னு அர்த்தம் சார்' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தாள். அண்ணி தன் பேனாவின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா சார்," என்றாள் அண்ணி. "அவங்க சம்மதம் வந்த பிறகுதான் அனுப்பினோம்."

அவங்க! ஒன்பது வருஷமாக 'நீ', 'ம்மா' என்று கூப்பிட்டவளுக்கு அந்த அறையில் அவள் 'அவங்க' ஆகிவிட்டாள்.

மேனேஜர் இன்னொரு தாளை நீட்டினார். சரியக்காவின் பேரில் தயாராக இருந்த விளக்கக் கடிதம். தன் கவனக்குறைவால் குறையுள்ள சில நாற்காலிகள் தப்பிப் போய்விட்டதாகவும், மற்றவை நன்றாக இருப்பதாகவும் அவள் சொல்கிறாளாம். கையெழுத்து வந்துவிட்டால் எண்ணூறு நாற்காலியையும் திருப்பி எடுக்க வேண்டியதில்லை. பதினோரு பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் அவற்றை மடக்கிக்கொண்டே இருக்கலாம். நல்ல நடையில், அழகாக எழுதியிருந்தது. யார் கை என்று கேட்கவா வேண்டும்?

"மதியத்துக்குள்ள கொடுத்துடுங்க," என்றார் மேனேஜர்.

மாடிப்படியில் அவள் அண்ணியைப் பிடித்தாள். "நாம பேசியபடின்னு போட்டிருக்கீங்களே, நாம எப்ப அண்ணி பேசினோம்?"

அண்ணி கீழே யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துக்கொண்டாள். "பேசலைன்னு எழுத்துல எங்க இருக்கு?"

"என் சரிக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அதனாலதான்..." அண்ணி பாதியில் நிறுத்திவிட்டாள். பிறகு வகுப்பெடுக்கிற குரலில் சொன்னாள்: "பாரு, பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள போகணும்னு முதலாளி என் கழுத்துல கத்தியை வச்சாரு. உனக்கு மெமோதான் வரும், வேலை போகாது, நான் பார்த்துக்கறேன். என் பேர் வந்தா மொத்தமும் போச்சு. குடும்பத்துக்காகப் பண்ணும்மா."

இத்தனைக்கும் ஒரு மன்னிப்பு இல்லை. சரியக்காவுக்கு அழுகைகூட வரவில்லை, உடம்பெல்லாம் எரிந்தது. மற்றவர்கள் அந்தச் சரியைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். இவள் சரியாகப் புரிந்துகொண்டு அதையே எடுத்து முதுகில் குத்தியிருக்கிறாள்.

செக்கிங் மேசைக்கு வந்து உட்கார்வதற்குள் அண்ணனிடமிருந்து போன். அதற்குள் வீடுவரை சேதி போய்விட்டது. "ஒரு கையெழுத்துதானே? சின்ன விஷயத்தைப் பெரிசு பண்ணாதே. சரின்னு சொல்லிடும்மா."

சரியக்கா வாயைத் திறந்தாள். பழகிய வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்படியே மென்று விழுங்கினாள்.

"அந்தக் கொழந்தைக்கு நாலு வயசுண்ணா," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

பிறகு கம்ப்யூட்டரில் தலைமை ஆசிரியையின் மெயிலைத் திறந்தாள். எழுதத் தெரியாதவள் எழுத ஆரம்பித்தாள். அண்ணி சொல்லிக்கொடுத்தது போலவே விஷயத்தை முதல் வரியில் போட்டாள்.

'அந்த நாற்காலிகளில் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள். அம்மா, நான் செக்கிங் செய்கிறவள். கீல் இடுக்கில் கேரட் வைத்து மூடினேன். பத்தில் ஏழு நாற்காலி அதை இரண்டு துண்டாக்கியது. அனுப்பக் கூடாது என்று எழுதினேன். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது, அதன் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். அதை மாற்றி எழுதிய அறிக்கையில் நான் கையெழுத்துப் போட்டேன், அது என் தப்பு. பிறகு வந்த சேதியை முழுசாகப் படிக்காமல் சரி என்று போட்டேன், அதுவும் என் தப்பு. ஆனால் என் சரிக்குப் பார்த்தேன் என்றுதான் அர்த்தம். அந்தச் சேதியை அனுப்பியவருக்கு அது தெரியும்.'

எழுத்துப் பிழை இரண்டு இருந்தது. திருத்தவில்லை. 'எல்லாருக்கும் பதில்' என்ற பட்டனைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்தினாள்.

கால்மணி நேரத்தில் தலைமை ஆசிரியை பதில் போட்டார். எங்கள் சமையலறையிலும் கேரட் இருக்கிறது, நாங்களும் மடக்கிப் பார்த்தோம், நறுக்கிவிட்டது, இதை மற்றப் பத்துப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பிவிட்டேன் என்று. முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்து கத்தினார். மேனேஜர் அவர் பின்னாலேயே நின்று கத்தினார். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சரியக்காவிடம் சொன்னார்கள். ஆனால் சாயங்காலத்துக்குள் லாரிகள் கிளம்பிவிட்டன, நாற்காலிகளைத் திரும்ப ஏற்றிவர.

அவள் பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது போன் ஒரு தடவை சிணுங்கியது. அவள் போட்ட மெயிலுக்கு அண்ணியிடமிருந்து பதில். வணக்கமில்லை, நன்றியில்லை, முன்னாலும் பின்னாலும் நல்ல வார்த்தை இல்லை. ஒரே வார்த்தை.

'சரி.'

சரியக்கா தெருவோரமாக நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தேன் என்கிறாளா? ஒத்துக்கொள்கிறாளா? இனிமேல் உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்கிறாளா? கூப்பிட்டுக் கேட்டால் அண்ணி சொல்லிவிடுவாள். அவள் சொல்வதை நம்ப வேண்டுமே.