சனிக்கிழமைக்கு ஒரு ரிப்பேர்

“அப்போ நுரையே வரலையா?” என்று கேட்டாள் வெண்பா.

“ஒரு குமிழிகூட வரலீங்க. ரெண்டு பக்கமும் சோப்புத் தண்ணி அடிச்சுப் பாத்துட்டேன், காத்து எங்கயும் கசியலீங்க.”

“பாத்திரம் தேய்க்கிற சோப்புதானே? ஷாம்பூவ ஊத்தி வண்டிக்குத் தலை குளிப்பாட்டி விட்டுடலையே?”

சபரி சிரித்துக்கொண்டே போனைப் பின்சக்கரத்துக்குள் நீட்டிக் காட்டினான். அவன் இருந்த ரிச்சர்ட்சனில் காலையிலேயே வெயில் ஏறியிருந்தது. அபார்ட்மெண்ட் பார்க்கிங்கின் தார் செருப்பைத் தாண்டிச் சுட்டது. கடிகாரம் இரண்டு மணி நேரம் பின்னால் ஓடும் மில்பிடாஸில் வெண்பா இன்னும் ஸ்வெட்டரோடு காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பழைய காருக்குப் பின்பக்கம் மற்ற வண்டிகள் மாதிரி ஸ்பிரிங் என்ற கம்பிச் சுருள் கிடையாது. சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு ரப்பர் பைகள். கம்ப்ரஸர் அவற்றில் காற்றை நிரப்ப, அந்தக் காற்றின் மேல்தான் வண்டி நிற்க வேண்டும். சபரியின் கார் நிற்கவில்லை. வாங்கிய மறுநாளே, வண்டி இழுக்க மாட்டேன் என்று படுத்துக்கொண்ட மாடு மாதிரி பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்தால் கம்ப்ரஸர் ஓடியது, காரும் சொன்ன பேச்சு கேட்டு எழுந்தது. ஆனால் சாவியைத் திருப்பியதும் ‘உஸ்’ என்று காற்றை விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தது.

“பை நல்லாருக்கு. கம்ப்ரஸர் நல்லாருக்கு,” என்றாள் வெண்பா. “அப்போ காத்தை வெளிய விடற வால்வுதான் திருடன். அடுத்த சனிக்கிழமை அவனப் புடிச்சிடலாம்.”

அடுத்த சனிக்கிழமை என்ற வார்த்தையைக் கேட்டதும் சபரிக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஆசுவாசமாக இருந்தது.

அவன் வேலைக்காகக் கடல் தாண்டி வந்த காங்கேயத்துப் பையன். கூடத் தங்கியிருந்த மாதவ் கல்யாணமாகி ஆஸ்டினுக்குப் போனபோது சோபாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஹாலில் இப்போது ஒரு நாற்காலியும் எதிரொலியும் மட்டும். ஆபீஸில் அவன் டீம் முழுக்க வேறு ஊர்களில் இருந்தது. கேமராவை அணைத்துவிட்டு மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பான், முறை வந்ததும் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு மறுபடி மியூட் ஆகிவிடுவான். சில நாட்களில் சாயங்காலம் யாராவது கூப்பிட்டால், தொண்டையைச் செருமிக்கொண்டுதான் பேச வேண்டியிருக்கும். பெரிய டிக்கி வைத்த கார் ஒன்று இருந்தால் நாலு பேர் சேருவார்கள், லீவு நாளில் எங்காவது போகலாம் என்றுதான் அதை வாங்கினான். ஆள் சேருவதற்குள் கார் உட்கார்ந்துவிட்டது.

தமிழ் ஆட்களின் கார் குரூப் ஒன்றில் விஷயத்தைப் போட்டான். வித்துத் தொலை என்றார்கள் சிலர். காற்றுப் பையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கம்பிச் சுருள் மாட்டு என்றார்கள் சிலர். “கீழ படுத்து போட்டோ எடுத்து அனுப்புங்க” என்று கேட்டவள் வெண்பா மட்டும்தான். அவளிடமும் இதே மாடல் இருந்தது, அது இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து சனிக்கிழமை காலை என்றால் வீடியோ கால். பேச்சு காரில் தொடங்கி எங்கெங்கோ போகும். அவள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் வந்து உட்காரும் பக்கத்து வீட்டுப் பூனை, அங்கே ஒரு ஹோட்டலில் சாம்பாரில் போடும் சர்க்கரை, இவன் வார்த்தைக்கு வார்த்தை போடும் ‘ங்க’. அவள் சென்னைக்காரி. “திட்டறப்பகூட ங்க போட்டுதான் திட்டுவீங்களா?” என்று கேட்பாள். ஆனால் காரைப் பற்றிய சங்கதி தீர்ந்ததும் இரண்டு பேரும் ஒரு கணம் தயங்கி நிற்பார்கள். சரி, அடுத்த வாரம் பாப்போம் என்று அவள் வைத்துவிடுவாள். ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு வியாழக்கிழமை என்று இருவருமே கூப்பிட்டதில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது? கார் அப்படியேதான் இருக்கிறது என்றா?

வால்வுதான் திருடன் என்று அவள் சொன்னதற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, சபரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வால்வு எங்கே இருக்கிறது என்றாவது பார்த்து வைப்போம் என்று காரை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு அடியில் நுழைந்தான். டார்ச்சைத் திருப்பியபோது, பின் அச்சுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு முடிச்சு தெரிந்தது.

திருஷ்டிக் கயிறு. அவன் கட்டியதுதான்.

கார் வாங்கிய அன்று அம்மா போனில் விடாமல் சொன்னாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னாள், செய்தான். பின்னால் கறுப்புக் கயிறு கட்டச் சொன்னாள். இத்தனை பேர் நடமாடும் பார்க்கிங்கில் பம்பரில் கயிறு தொங்கினால் யாராவது என்ன ஏதென்று கேட்பார்களோ என்று கூச்சம். அதனால் யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து, கைக்கு எட்டிய ஒரு சின்னக் கம்பியில் இறுக்கிக் கட்டிவிட்டான். யார் கண்ணிலும் படாத இடத்தில் கண்ணேறுக்குக் கயிறு. அம்மாவுக்கு அதை அவன் சொல்லவில்லை.

கயிற்றை அறுத்தான். முடிச்சுக்கு அடியில் அந்தக் கம்பியின் முனை தன் குழியிலிருந்து நழுவிக் கிடந்தது. இறுக்கிய இறுக்கில் முனையிலிருந்த பழைய பிளாஸ்டிக் குமிழ் கழன்றிருக்கிறது. கயிறே அதை மறைத்தும் வைத்திருக்கிறது. பின்பக்கம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று காருக்குச் சொல்வது அந்தக் கம்பிதான். அது கழன்று தொங்கியதால், அளவுக்கு மேல் உயர்ந்துவிட்டோம் என்று கார் நம்பி, காற்றை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. வால்வு பாவம், சொன்ன வேலையைச் செய்தது.

கட்டைவிரலால் அழுத்தினான். ‘டிக்’. குமிழ் குழிக்குள் உட்கார்ந்தது.

காரை இறக்கி ஸ்டார்ட் செய்தான். கம்ப்ரஸர் தானாக முனகியது. பின்பக்கம் மெல்ல எழுந்து, எழுந்து, நிமிர்ந்து நின்றது. சபரி கையைத் தட்டிவிட்டு நாலு பக்கமும் பார்த்தான். மரத்தில் கறுப்புக் குருவிக் கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை.

போனை எடுத்தான். வெண்பாவின் பெயரைத் தொடப்போன விரல் அப்படியே நின்றது. சரியாகிவிட்டது என்று சொன்னால் அவள் சந்தோஷப்படுவாள். சூப்பர் என்பாள். அப்புறம்?

அப்புறம் ஒன்றும் இல்லை. அதுதான் விஷயம்.

எஞ்சினை நிறுத்திவிட்டு, மறுபடி அடியில் போய்க் கம்பியைத் தானே கழற்றிவிட்டான். ஸ்டார்ட் செய்ததும் கார் ‘உஸ்’ என்று உட்கார்ந்தது. அவனும் அதன் பக்கத்தில் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துகொண்டான்.

அந்த வாரம் முழுக்க ஆபீஸ் போகவும் வரவும் அந்தக் காரைத் தாண்டித்தான் நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை, வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே, சபரி காருக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது போன் அடித்தது. திரையில் வெண்பாவின் முகம் இல்லை, அவள் கார் இருந்தது. பின்சக்கரம் கழற்றப்பட்டு, வண்டி ஸ்டாண்டின் மேல் அந்தரத்தில் நின்றது. பக்கத்தில் ஸ்பேனர்கள் பரப்பிக் கிடந்தன.

“உங்களுக்குப் புது வால்வு தேடிப் பாத்தேன், எங்கயும் கிடைக்கல,” என்றாள், மூச்சு வாங்க. “அதான் என்னோடதக் கழட்டி அனுப்பறேன். போட்டுப் பாருங்க. நான் கொஞ்ச நாள் பஸ்ல போய்க்கறேன்.”

சபரி திரையை நோக்கிக் கையை நீட்டினான்.

“கழட்டாதீங்க.”

“ரெண்டு நட்டுதான், சபரி.”

“கழட்டாதீங்க வெண்பா. வண்டி போன ஞாயித்துக்கிழமையே சரியாயிருச்சுங்க.”

ஸ்பேனர் தரையில் பட்ட சத்தம் கேட்டது. அவன் எல்லாவற்றையும் கொட்டினான். கயிறு, கூச்சம், கழன்ற குமிழ், அதைத் தானே மறுபடி கழற்றிவிட்டது வரைக்கும். அவள் கேமராவைத் தன் பக்கம் திருப்பினாள். கன்னத்தில் கிரீஸ்.

“ஏறினத ஏன் இறக்கினீங்க?”

“ஏறிட்டா நீங்க சனிக்கிழமை கூப்பிட மாட்டீங்களோன்னுதாங்க.”

அவள் கன்னத்துக் கிரீஸைப் புறங்கையால் துடைக்கப் போய் இன்னும் அப்பிக்கொண்டாள். சபரி காருக்கு அடியில் கையை நீட்டிக் கம்பியைக் குழிக்குள் அழுத்தினான். ‘டிக்’. எழுந்து சாவியைத் திருப்பினான். அவன் பிடித்திருந்த போன் வழியாக, கார் மெல்ல நிமிர்வதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இனிமே ரிப்பேர்னு சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்க,” என்றான் சபரி. “ஆனா அடுத்த சனிக்கிழமையும் கூப்பிடோணும்னு இருக்குது. ரிப்பேரே இல்லாம சும்மா கூப்பிட்டா பேச்சு ஓடும்னுதான் எனக்குத் தோணுது. நீங்க என்ன நினைக்கறீங்க?”