வண்டி கிளம்பிடுச்சு

ஓய்வு பெற்ற பிறகு அவளுக்கு வாயைத் திறக்கவே ஒரு சாக்கு வேண்டியிருந்தது. வாங்கப் போகாத பொருளுக்கு விலை கேட்பாள். கண்ணெதிரே போன பேருந்தை, போய்விட்டதா என்று விசாரிப்பாள்.

வேலையில் இருந்தவரை ஊரே அவளைக் கூப்பிட்டது. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை. கத்துகிறவர்கள், அழுகிறவர்கள் எல்லோரையும் ஒரே குரலில் அடக்குவாள். சக ஊழியர்கள் அவளுக்கு டீச்சரம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். கடைசி நாளன்று பூங்கொத்து கொடுத்து, அடிக்கடி வந்து போங்க என்றார்கள். கதவைத் திறக்கும் அட்டையை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

அன்று மத்தியானம் பால் வாங்கிக்கொண்டு திரும்புகையில், தெருமுனையில் ஒரு கார் விளக்குக் கம்பத்தில் மோதியது. பால் பை எங்கே விழுந்ததென்று அவள் பார்க்கவில்லை. போய் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். ஓட்டி வந்தவருக்கு நடுத்தர வயது. தொடையிலிருந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. தன் தோளில் கிடந்த துணியை மடித்து வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினாள். வெளியே இழுத்துப் போடலாம் என்று வந்த இரண்டு பேரை ஓர் அதட்டலில் நிறுத்தினாள். பின்னால் வரும் வண்டிகளைத் திருப்பிவிட ஒருவரை அனுப்பினாள். குரல் தானாக வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு, முழுக்குரல்.

மருந்துக்கடைக்காரர் ஓடி வந்தார். கையில் போன்.

"வண்டி கிளம்பிடுச்சு. பதறாதீங்க" என்றாள்.

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மற்றவர்களும் போட்டுக்கொண்டார்கள்.

கார்க்காரர் முதலில் நன்றாகத்தான் பேசினார். தலையைத் திருப்பக் கூடாது என்று அவள் மூன்றாம் முறை சொன்னபோது, வீட்டில்கூட இப்படி யாரும் மிரட்டியதில்லை என்றார். பிறகு பேச்சு குழறியது. உதடு வெளுத்தது. குளிருகிறது என்றார், அந்த வெயிலில். மருந்துக்கடைக்காரர் சாலையை எட்டி எட்டிப் பார்த்தார்.

"எங்கம்மா வருது வண்டி?" என்று கார்க்காரர் கேட்டார்.

அவள் இடப்பக்கம் திரும்பினாள். கட்டுப்பாட்டு அறையில் அவள் உட்கார்ந்து பேசிய காலமெல்லாம் திரை அங்கேதான் இருந்தது. வண்டிகள் புள்ளி புள்ளியாய் ஊரும் திரை. இப்போது அங்கே நசுங்கிய கார்க்கதவு இருந்தது.

அவளுக்கு யாரும் போன் பண்ணவில்லை. அவளும் யாருக்கும் பண்ணவில்லை.

"போனை எடுங்க" என்றாள் மருந்துக்கடைக்காரரிடம். "ஆம்புலன்சைக் கூப்பிடுங்க."

"நீங்க கூப்பிட்டதா சொன்னீங்களே?"

"கூப்பிடல."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். எண்ணை அழுத்தி, அவள் காதோடு வைத்துப் பிடித்தார். அவள் கை எடுக்கக் கூடாத இடத்தில் இருந்தது.

மறுமுனையில், கட்டுப்பாட்டு அறையில் அவளுடைய பக்கத்து நாற்காலிக்காரி. அவளோடு வருஷக்கணக்காக டீ பங்கு போட்டுக் குடித்தவள். இவள் இடத்தைச் சொன்னாள், காயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் விரல்கள் தட்டும் சத்தம் நின்றது.

"அக்கா? நீங்களா?"

"ஆமா."

"இப்பதானே நடந்தது?"

"இல்ல. நேரமாச்சு. வண்டி வருதுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

பிறகு தட்டும் சத்தம் மறுபடி.

"வண்டி கிளம்பிடுச்சு. லைன்லயே இருங்க. நான் இங்கதான் இருக்கேன்."

அது அவளுடைய வாக்கியம். அழைக்கிறவர் பக்கமிருந்து அவள் அதைக் கேட்டதில்லை. அதைப் பற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

சைரன் கேட்டதும் லைன் துண்டிக்கப்பட்டது. அதுதான் விதி. வண்டி வந்துவிட்டால் அடுத்த அழைப்பு. அதற்குப் பிறகு என்ன ஆனதென்று அவளும் ஒருநாளும் கேட்டதில்லை.

சீருடைக்காரர்கள் கார்க்காரரை ஏற்றினார்கள். ஒருவன் கூட்டத்தைப் பார்த்து, கூட வருவது யார் என்றான். யாரும் அசையவில்லை. மருந்துக்கடைக்காரர் அவளைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்.

அவள் ஏறினாள். கதவைச் சாத்தினார்கள். கார்க்காரரின் கை துழாவியது. பிடித்துக்கொண்டாள்.

"வந்தாச்சா?" என்றார் கண்ணைத் திறக்காமலே.

பக்கத்துல வந்தாச்சு என்று சொல்வதுதான் அவள் வழக்கம். வாய்வரை வந்தது.

"தெரியல" என்றாள். "நான் கூட வர்றேன்."