வடக்க இருக்கோம்

ஏலக்காரர் வாயைத் திறந்தால் செத்த மீனும் துள்ளும் என்பார்கள். அவருடைய தம்பி சொந்தமாகப் படகு ஓட்டத் தொடங்கியபோது அந்த வாய்தான் தொழில் சொல்லிக் கொடுத்தது: மீன் படுகிற இடத்தைப் பொண்டாட்டியிடம்கூடச் சொல்லாதே, வயர்லெஸ்ஸில் எவன் கேட்டாலும் திசையை மாற்றிச் சொல். அந்தத் துறைமுகத்தில் எல்லாப் படகும் அப்படித்தான். உள்ளதைச் சொன்னவன் வெறும் வலையோடு திரும்புவான்.

அன்று விடியலில் தம்பி, "வடக்க இருக்கோம், ஒண்ணும் படல" என்றான். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டார்கள், பயலுக்கு வலை நிறைந்துவிட்டது என்று. பனிமூட்டம் இறங்கியபின் மறுபடி அவன் குரல்: "கப்பல் இடிச்சிருச்சு, தண்ணி ஏறுது." அதோடு சரி. இடித்த கப்பல் நிற்கவே இல்லை.

தேடும் படகுகள் வடக்கே விரைந்தன. ஏலக்காரர் வயர்லெஸ் அறைக்கு ஓடி, அங்கே மட்டும் இருக்கமாட்டான் என்றார். பிறகு எங்கே என்று ஆபரேட்டர் கேட்டார். சொல்லிக் கொடுத்த அண்ணனிடமும் தம்பி சொன்னதில்லை. பாடத்தை அவ்வளவு ஒழுங்காகப் படித்திருந்தான்.

மறுநாள் தெற்குக் கரை கறுத்தது. கப்பலின் கிழிந்த வயிற்றிலிருந்து வடிந்த எண்ணெய். இறக்கை ஒட்டிப்போன பறவைகள் மணலில் தத்தின. நண்டுகள் மல்லாந்து கிடந்தன. படகுகள் தெற்கே திரும்பின. கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு. அதில் எந்த மூலையில் தேடுவது?

தம்பி மனைவி அறை வாசலில் வந்து நின்றாள். "உங்ககிட்டயாவது நெசத்தச் சொல்லிட்டுப் போனாரா மாமா?"

ஏலக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் மைக்கை வாங்கினார். அவனை யாராவது எங்காவது பார்த்தீர்களா, எண்ணெய் எங்கே அடர்த்தி, நீங்கள் நிஜமாகவே வலை போடுகிற இடம் எது என்று எல்லாப் படகுகளிடமும் கெஞ்சினார். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து பூட்டி வைத்த இடங்களெல்லாம் அந்தச் சின்ன அறையில் வந்து கொட்டின. படகுகள் போய்ப் பார்த்த எந்த இடத்திலும் தம்பி இல்லை.

மறுபடி பட்டனை அழுத்தினார். "இனிமே யாருகிட்டயும் ஒளிக்க வேண்டாம்டா. எங்க இருக்க?"

"பட்டனை விட்டாத்தான் அங்க பேசுறது கேக்கும், அண்ணே" என்றார் ஆபரேட்டர் மெதுவாக.

தெரியும் என்று தலையாட்டினார். விரல் மட்டும் எழவில்லை.