கிசுகிசுப் பள்ளிக்கூடம்

காந்திமதி வீட்டில் பள்ளிக்கூடம் நடப்பது பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காது. கணவன் செந்தில்நாதன் நெய்வேலிச் சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடித்து வந்து உள்ளே படுத்திருக்கிற நாட்களில், அந்த ஒற்றை அறை குவார்ட்டர்ஸின் முன்கூடத்தில் பதினாறாம் வாய்ப்பாடு கிசுகிசுப்பாகத்தான் ஓடும். சோழர்கள் கடல் கடந்து போனாலும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் போவார்கள். தூர தேசத்தில் குண்டு விழுந்தால்கூட, சத்தம் வராமல் விழ வேண்டும்.

இத்தனைக்கும் மகள் வாயைத் திறந்து பேசட்டும் என்றுதான் காந்திமதி அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தாள். சண்முகப்பிரியா நடக்கும் முன்னே பேசிய பிள்ளை. வாசலுக்குப் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போன அந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில், தமிழில் ஒரு வார்த்தை பேசினால் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினார்கள். பெஞ்சு மேல் நின்று நின்று, வீட்டில் தண்ணீர் கேட்பதைக்கூடச் சைகையில் கேட்க ஆரம்பித்தாள் பிள்ளை. போன ஜூனில் காந்திமதி பையைப் பரண் மேல் தூக்கிப் போட்டாள். "நானே சொல்லிக் குடுத்துக்கறேன்" என்றாள்.

செந்தில்நாதன் சண்டை போடவில்லை. சண்டை போடுவதற்கு அவனிடம் தூக்கம் மிச்சமில்லை. "ஒரு வருஷம் பாக்கலாம். அடுத்த மே மாசம் அக்கா வந்து புள்ளைய சோதிக்கட்டும். அக்கா சரின்னா சரி. இல்லன்னா ஜூன்ல திரும்ப ஸ்கூலுக்குத்தான்" என்று முடித்துவிட்டான்.

அக்கா என்றால் புஷ்பவல்லி. சேத்தியாத்தோப்பில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். செந்தில்நாதன் உலகத்தில் பயந்தது இரண்டு பேருக்கு. ஒன்று சூப்பர்வைசர். இன்னொன்று அக்கா. சூப்பர்வைசரிடமாவது லீவு கேட்கலாம்.

வருஷம் ஓடியது. எதிர்வீட்டு விஜயலட்சுமி வாரம் ஒரு தடவையாவது வேலிப்பக்கம் வந்து, "உங்க ஸ்கூல்ல அட்மிஷன் இருக்கா காந்தி? எங்க வூட்டுக்காரரைச் சேக்கணும், கணக்கு சுத்தமா வரல" என்பாள். காந்திமதியும் சளைக்காமல், "வயசு தாண்டிடுச்சுக்கா, கரெஸ்பாண்டன்ஸ்ல போடுங்க" என்பாள்.

காந்திமதி படித்தது பிளஸ் டூ வரைதான். தினம் பேப்பரை விரித்து வைத்து உலகத்தைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் அவளுக்கே ஒரு விஷயம் பிடிபட்டது. உலகச் செய்தி என்பது வேறொன்றுமில்லை, குவார்ட்டர்ஸ் செய்திதான், எழுத்து கொஞ்சம் பெரியது. எல்லைத் தகராறு என்றால் என்ன என்று பிள்ளை கேட்டபோது, துணிக்கொடியைக் காட்டினாள். நடுவில் இருக்கிற அந்தக் கம்பத்தை விஜயலட்சுமி தன்னுடையது என்கிறாள், நாம் நம்முடையது என்கிறோம். போர் நிறுத்தம் என்றால்? தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினாளே, அது. நிரந்தர அமைதி? அது இன்னும் வரவில்லை, கம்பம் அங்கேயேதான் இருக்கிறது.

சில செய்திகளை மட்டும் துணிக்கொடியில் காயப்போட முடியாது. உலக நாடுகள் எல்லாம் ஒன்றுகூடி, இனி நிலக்கரி எரிப்பதைக் குறைக்க வேண்டும் என்று பேசின செய்தியைப் படித்த அன்று, பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்தாள். உள்ளறைக் கதவைப் பார்த்துக்கொண்டே கிசுகிசுத்தாள்: "அப்ப அப்பா பகல்ல முழிச்சிருப்பாராம்மா?" காந்திமதி பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதைப் பேப்பரில் போடவில்லை. கரி நின்றால் ஷிப்ட் நிற்கும், ஷிப்ட் நின்றால் சம்பளம் நிற்கும், அவனோ இன்னும் கான்ட்ராக்ட். அன்றைக்குப் பாடத்தை அத்தோடு நிறுத்தி, இரண்டு பேரும் ஆளுக்கொரு மாங்காய்க் கீற்று தின்றார்கள்.

புஷ்பவல்லி சாயங்காலம் வருவதாகத்தான் பேச்சு. செந்தில்நாதன் எழுந்து குளித்துத் தயாராக இருக்கும் நேரம். ஆனால் விடியற்காலையிலேயே கிளம்பி, வடலூரிலும் நின்றவுடன் பஸ் கிடைத்துவிட்டதால், வெயில் ஏறும் முன்பே வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பை நிறைய முருங்கைக்காய், முகம் நிறைய பரீட்சை.

"தம்பி எங்க?"

"இப்பதான் வந்து படுத்தாரு அண்ணி. நீங்க மொதல்ல சாப்புடுங்க..." என்று காந்திமதி கிசுகிசுத்தாள்.

"ஆமாமா" என்றாள் புஷ்பவல்லி. "சோறு பொறுமையா தின்னலாம். மொதல்ல புள்ளையக் கூப்புடு. வந்த வேலை முடியட்டும்."

சண்முகப்பிரியா வந்து நின்றாள். மேலே மின்விசிறி கடகடத்தது. கதவுக்குப் பின்னால் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். கரி ஓடுகிற கன்வேயர் பெல்ட் பக்கத்தில் ராத்திரி முழுக்க நிற்கிற ஆள் பகலில் தூங்கியே ஆக வேண்டும், அங்கே கண் அசரக் கூடாது என்பது அந்த வீட்டின் முதல் பாடம். மற்ற பாடமெல்லாம் மறந்தாலும் பிள்ளைக்கு அது மறக்காது.

"பதினாறேழு?" என்றாள் அத்தை.

"நூத்திப்பன்னெண்டு" என்று கிசுகிசுத்தாள் பிள்ளை.

"என்னா?"

"நூத்திப்பன்னெண்டு அத்தை."

"என்னாடி மென்னு முழுங்கற? தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. இலங்கையோட தலைநகரம்?"

பிள்ளை உள்ளறைக் கதவைப் பார்த்துத் தயங்கித் தயங்கி, சரியாகத்தான் சொன்னாள். வெள்ளாறு எங்கே கடலில் சேருகிறது என்பதையும் சரியாகத்தான் சொன்னாள். ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் புஷ்பவல்லியின் நெற்றியில் ஒரு கோடு கூடியது. "உம்" என்றாள். அந்த 'உம்' காந்திமதியின் காதில் விழுந்தது. ஜூன் மாதம் கதவைத் தட்டுவது போலவே இருந்தது. "கொஞ்சம் சத்தமா சொல்லு பாப்பா" என்று அவளும் கிசுகிசுத்தாள். பிள்ளை உள்ளறைக் கதவைக் கண்ணால் காட்டினாள். சட்டம் போட்டது யார் என்று அந்தக் கண் கேட்டது.

அப்புறம் சண்முகப்பிரியா அத்தையையே உற்றுப் பார்த்தாள். அத்தை தன் கண்ணைப் பார்க்கவில்லை. உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காந்திமதி அதைக் கவனிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. "நம்ம நாட்டோட தேசிய விலங்கு?"

"எங்க அப்பா" என்றாள் பிள்ளை, கிசுகிசுப்பாக, கணீரென்ற முகத்தோடு.

"ம்" என்றாள் புஷ்பவல்லி. நெற்றிக் கோடு ஒன்று குறைந்தது. "நெய்வேலியில பூமிக்கு அடியிலேர்ந்து என்னா எடுக்கறாங்க?"

"அப்பாவோட தூக்கம்."

"சரி. தமிழ்நாட்டுக்குப் பக்கத்து மாநிலம் ஒண்ணு சொல்லு."

"எதுத்த வூட்டு விஜயலட்சுமி ஆன்ட்டி."

"ஆங். இப்பதான் வாய் தெறக்குது" என்றாள் புஷ்பவல்லி. "மொதல்ல பயம். பயம் தெளிஞ்சா புள்ளைங்க எல்லாம் சொல்லும்."

காந்திமதி அடுப்படிக்கு ஓடினாள். முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு, அரிசி டப்பாவைக் கட்டிப் பிடித்தபடி குலுங்கினாள். சிரித்து முடிந்ததும்தான் பயம் வந்தது. நாத்தனாருக்குக் காது கேட்கவில்லை. போனில் எதற்கெடுத்தாலும் "ஆமாமா" என்று சொன்னது, இன்று சாப்பிடக் கூப்பிட்டதற்கும் அதையே சொன்னது, எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. நிஜமான பதிலைப் பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னாள், அதற்கு முட்டை. விளையாட்டுப் பதிலை டக்கென்று சொன்னாள், அதற்கு முழு மார்க். இப்போது போய் உண்மையைச் சொன்னால் முட்டைதான் மிஞ்சும். சொல்லாமல் விட்டால் ஜூன் தப்பும். சொல்லாமல் விடலாம் என்று அவள் முடிவு செய்த அந்த நிமிஷத்தில், உள்ளறைக் கதவு திறந்தது.

"எப்பக்கா வந்த?" என்றான் செந்தில்நாதன். தலைமுடி ஒரு பக்கமாகப் படுத்திருந்தது. கன்னத்தில் பாய்க்கோரை அச்சு.

"வா தம்பி, உக்காரு. உன் பொண்ணு நல்லாத்தான் சொல்றா. உன் முன்னாலயும் ஒண்ணு கேக்கறேன். இந்தா, நீயே கேளு."

அவனுக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இன்னிக்கு என்னா பாடம் பாப்பா?" என்றான்.

அப்பா எழுந்துவிட்டார். இனிச் சட்டம் இல்லை. காலையிலிருந்து அடக்கி வைத்த குரல் மொத்தமும் வெளியே வந்தது.

"ஐ.நா. சபைப்பா!" மின்விசிறியே ஒரு சுற்று நின்று சுற்றியது போல இருந்தது. புஷ்பவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதுல பாதுகாப்பு சபைன்னு ஒண்ணு. மொத்தம் பதினஞ்சு நாடு. அஞ்சு பேர் பெர்மனன்ட். பத்துப் பேர் கான்ட்ராக்ட்!"

செந்தில்நாதனின் தூக்கம் போய்விட்டது. "கான்ட்ராக்டா? அங்கியுமா?"

"ஆமாப்பா. ரெண்டு வருஷம்தான். அப்பறம் வேற ஆளு."

"அந்தப் பத்துப் பேர எப்ப பெர்மனன்ட் ஆக்குவாங்க?"

"ஆக்கவே மாட்டாங்கப்பா."

"ஸ்ட்ரைக் பண்ண வேண்டியதுதான?"

"பண்ணலப்பா. எல்லாரும் கோட்டுப் போட்டுக்கினு வந்து பேசிட்டுப் போயிடறாங்க."

"வெளங்கிடும்" என்றான் செந்தில்நாதன். தரையில் மகளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஒரு வருஷமாகத் தன் வீட்டில் நடந்த பள்ளிக்கூடத்தில் அவன் முதல் தடவையாக உட்கார்ந்தான். "அந்த அஞ்சு பேருக்கு அப்பிடி என்னா தனியா குடுத்திருக்காங்க?"

"வீட்டோ அதிகாரம்ப்பா. அதுல ஒருத்தர் வேணாம்னு சொல்லிட்டா போதும். மத்த எல்லாரும் வேணும்னாலும் நடக்காது." பிள்ளை மூச்சு வாங்கினாள். "நம்ம வூட்ல அத்தை மாதிரி."

அடுப்படி வாசலில் நின்ற காந்திமதியின் கையிலிருந்த முருங்கைக்காய் கீழே விழுந்தது. செந்தில்நாதன் தரையைப் பார்த்தான். அக்காவைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

கணீரென்று வந்த அந்தப் பதில் புஷ்பவல்லிக்கு ஓர் எழுத்து விடாமல் கேட்டிருந்தது. மெல்ல எழுந்தாள். "காந்திமதி, ஒரு நிமிஷம் உள்ள வா" என்று அடுப்படிக்குள் போனாள்.

உள்ளே போனதும் காந்திமதியின் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். "இவ்ளோ பெரிய தொண்டை வச்சிக்கினு இருக்கற புள்ள, அப்ப ஏன் வாயை மட்டும் அசைச்சா? நான் கேட்டதுக்கு என்னா சொன்னா? உண்மையச் சொல்லு."

எல்லாம் சரியாகத்தான் சொன்னாள் என்ற பொய் காந்திமதியின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் நாத்தனார் அவள் முகத்தை அப்படி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் படிக்கிற ஆளிடம் பொய் சொல்வது, போலீஸ்காரர் முன்னால் பூட்டை ஆட்டிப் பார்ப்பது மாதிரி. காந்திமதி நாத்தனாரின் காதோடு வாயை வைத்து, கூடத்துக்குக் கேட்காமல், ஒன்று விடாமல் சொன்னாள். நைட் ஷிப்டுச் சட்டத்தைச் சொன்னாள், நூத்திப்பன்னெண்டைச் சொன்னாள். தேசிய விலங்கைச் சொன்னாள். பக்கத்து மாநிலத்தையும் சொன்னாள்.

புஷ்பவல்லியின் தோள் ஆடியது. அழுகிறாளோ என்று காந்திமதி பயந்து விலகினாள். அழவில்லை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை கேஸ் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தூங்கி எழுந்து வந்தானே, அந்தத் தலைய பாத்தா தேசிய விலங்குதான்" என்றாள் மூச்சு திரும்பியதும். அப்புறம் சிரிப்பு மெல்ல வடிந்தது. "ரிடையர் ஆவறதுக்கு முன்னாலயே இப்பிடித்தான். மூஞ்சியப் பாத்துத்தான் மார்க்கு போட்டேன். எத்தினி புள்ளைங்க என்னா என்னா சொல்லிச்சோ."

"டாக்டர்கிட்ட காட்டலையா அண்ணி?"

"காட்டினா தம்பிக்குத் தெரியும். தெரிஞ்சா, தனியா இருக்காத, இங்க வந்து இருன்னு நிப்பான். இந்த ஒத்தை ரூம்ல நான் எங்க படுக்கறது? நீயே சொல்லு."

காந்திமதி அவசரமாகக் குனிந்து, கீழே விழுந்த முருங்கைக்காயைப் பொறுக்கினாள்.

"பாண்டிச்சேரியில காது மிஷின் வைக்கறாங்களாம். உள்ள போயிட்டா வெளிய தெரியாதாம். நீ என்கூட வா. அவனுக்குத் தெரிய வேணாம்."

"எங்க போறீங்கன்னு கேப்பாரே?"

"புள்ளையக் கல்விச் சுற்றுலா கூட்டிக்கினு போறோம்னு சொல்லு. உன் ஸ்கூல்ல அது இல்லியா?"

"என் ஸ்கூல் ஜூன்ல இருக்குதா அண்ணி?" காந்திமதி இதைக் கிசுகிசுக்கவில்லை. நாத்தனாரின் முகத்துக்கு நேரே, தெளிவாக வாயைத் திறந்து கேட்டாள்.

புஷ்பவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்து, தலைமையாசிரியை முகத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். செந்தில்நாதன் எழுந்து நின்றான்.

"இப்பிடியே நடக்கட்டும் தம்பி. இவகிட்டயே படிக்கட்டும். ஸ்கூல் பேச்ச இனிமே எடுக்காத. ஆனா ஒண்ணு, புள்ள வெளிய தெருவையும் பாக்கணும். வர்ற வாரம் நாங்க மூணு பேரும் பாண்டிச்சேரி போறோம். கல்விச் சுற்றுலா."

காந்திமதி சுவரில் சாய்ந்துகொண்டாள். பிள்ளை அம்மாவைப் பார்த்தாள், அத்தையின் காதைப் பார்த்தாள், மறுபடி அம்மாவைப் பார்த்தாள். புரிந்துவிட்டது என்று அவள் வாயை மூடிக்கொண்ட விதத்திலேயே தெரிந்தது.

செந்தில்நாதனின் முகம் மலர்ந்தது. அக்கா சரி சொன்னதில் ஒரு மலர்ச்சி, அவள் கோபப்படாததில் இன்னொரு மலர்ச்சி. "நல்ல விஷயம்க்கா. எனக்கும் லீவு கெடக்குது. கடல் பாத்து ரொம்ப நாளாச்சு. நானும் வரட்டுமா?"

"வேணாம்!" என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில். எதிர்வீட்டில் விஜயலட்சுமி, என்னமோ ஏதோ என்று கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.