கத்திரி படாத கிளை

அந்தப் புதர் ரோஜாவை நட்ட அன்றே அவள் கணவர் சட்டம் போட்டுவிட்டார்: பூவில் கத்திரி படக்கூடாது. முப்பது வருடம் வரி அலுவலகத்தில் அடுத்தவர் கணக்கில் தவறு கண்டுபிடித்தவர். தன்னிடமும் தவறு இருக்கலாம் என்று நினைக்க அவருக்குப் பயிற்சி இல்லை.

“வாடின பூவை வெட்டினாத்தான் திரும்பப் பூக்கும்னு நர்சரிக்காரர் சொன்னாருங்க.”

“செடிக்கு வலிக்காதா? உன் தலையில ஒண்ணு வச்சா நீ சிரிப்பியா?”

வருடத்தில் பல தடவை பூக்கும் என்று சொல்லி விற்ற செடி ஒவ்வொரு வருடமும் ஒரே தடவைதான் பூத்தது. பூவெல்லாம் காயாக மாற, வேலை முடிந்ததென்று ஓய்வெடுத்துக்கொண்டது. குற்றவாளி யார்? முதலில் நர்சரிக்காரர். பிறகு மண், வெயில், எதிர்வீட்டுப் பூனை. முட்டை ஓடும் தேயிலைச் சக்கையும் போட்டார். பக்கத்தில் நாற்காலி போட்டு அறிவுரையும் சொன்னார். செடி எல்லாவற்றையும் தின்றுவிட்டுச் சும்மா இருந்தது.

அவளுக்கு இருந்த ஆசை ஒன்றுதான். ஒரே ஒரு தடவை, ‘நீ சொன்னதுதான் சரி’ என்று அவர் வாயால் கேட்டுவிட வேண்டும்.

“அடுத்த வருஷம் பாரு, எப்படிப் பூக்குதுன்னு,” என்றார். நெஞ்சுவலி அவருடைய கருத்தைக் கேட்காமலே வந்து அழைத்துப் போய்விட்டது.

அடுத்த வருடம், முதல் பூக்கள் வாடியதும் அவள் கத்திரியோடு இறங்கினாள். பார்க்க வந்த நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்ன அண்ணி, அண்ணன் இல்லன்னதும் செடியை மொட்டையடிச்சிட்டீங்க?”

“மொட்டை இல்லம்மா. முடிதான் வெட்டிவிட்டேன்.”

சில வாரங்களில் வெட்டிய இடத்துக்குக் கீழே செந்தளிர் வந்தது. பின்னாலேயே மொட்டுகள். ஒரு காலையில் புதர் நிறையப் பூ.

எத்தனையோ வருடமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சோடு நாற்காலிப் பக்கம் திரும்பினாள். எதிர்வீட்டுப் பூனை அதில் படுத்திருந்தது. தான் குற்றமற்றது என்று நிரூபணமானதில் அதற்கும் அக்கறை இல்லை.

அந்தப் பூக்களும் வாடியபோது மறுபடி வெட்டினாள். ஒரு கிளையை மட்டும் தொடவில்லை. அதில் காய் பிடித்திருந்ததை நாத்தனார்தான் கவனித்தாள்.

“இதை மறந்துட்டீங்களா அண்ணி?”

“அது உங்க அண்ணன் கட்சி. இருந்துட்டுப் போகட்டும். எதிர்த்துப் பேச ஆள் இல்லாம வீடு என்னமோ மாதிரி இருக்கு.”